டிராவர்சர் குழியில் விழுந்த டிராம்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்குப் பொங்கலும் கழிந்த பிறகு பதில் எழுதுகிறேன். சோம்பல்தான் காரணம், வேறு சாக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் அனைவரும் நலம். முழங்கால் வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நலம் விசாரிப்பை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் சென்ற வியாழக்கிழமை இரவு வீட்டில் பலகை மேல் ஓடும் என் மாதிரிக் கல்கத்தா டிராம், டிராவர்சர் (வண்டியை ஏற்றிப் பக்கவாட்டில் நகர்த்தும் மேடை) குழியில் தலைகுப்புற விழுந்துவிட்டது. நீ எப்படி விழும் என்று சொன்னாயோ அப்படியே விழுந்தது என்பதால், உனக்கு எழுதாமல் தூக்கம் வரவில்லை.

நீ கடைசியாக வந்தபோது கல்கத்தா லேக் மார்க்கெட் தெருவும் நம் பழைய மெஸ் வாசலும் மட்டுமே பலகையில் இருந்தன. அதன் பிறகு பின்னால் ஒரு டிப்போ வைக்க ஆசைப்பட்டேன். ஆறு தண்டவாளங்கள் வேண்டுமென்றால் ஐந்து பாயின்ட் (ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இணைப்பு) வைக்க வேண்டும். ஒரு பாயின்ட் ஏறக்குறைய 17 செ.மீ. நீளம் என்பதால், அடுத்தடுத்து வைத்தால் 80 செ.மீ.க்கு மேல் அவையே விழுங்கிவிடும். என்னிடம் இருப்பதோ எட்டடிப் பலகை, அதிலும் பாதி தெருவுக்குப் போய்விட்டது. 26 செ.மீ. நீளத்தில் பக்கவாட்டில் நகரும் ஒரு மேடை இருந்தால் 21 செ.மீ. இரட்டைப் பெட்டி டிராமை அதில் ஏற்றி ஆறு தண்டவாளங்களில் எதற்கு வேண்டுமானாலும் கொண்டுபோய்விடலாம். பெரம்பூர் ரயில் பணிமனையில் டிராவர்சர் மணியைக் கேட்டுக்கொண்டே பணிக்காலத்தைக் கழித்தவனுக்கு இந்த யோசனை வர இத்தனை மாதங்கள் ஆனதுதான் வெட்கம்.

முதலில் வாங்கிவிடலாம் என்றுதான் பார்த்தேன். மாதிரி ரயில் செய்யும் மார்க்லின் நிறுவனத்தின் பழைய டிராவர்சர் ஒன்று இரண்டாம் கையாகக் கிடைத்திருக்கும். ஆனால் அது நடுவில் மின்சாரம் எடுக்கும் அவர்களுடைய முறைக்குச் செய்தது. நம்முடையது இரண்டு தண்டவாளத்தில் மின்சாரம் எடுப்பது. அமெரிக்க வால்தர்ஸ் நிறுவனத்தினுடையது இரு தண்டவாள முறைதான். அது டீசல் எஞ்சின் கொட்டகைக்காக வடிவமைத்தது, என் டிராமுக்கு அதில் பாதி மேடை வீணாகும். வண்டிக்கூலியையும் சுங்கவரியையும் கூட்டிப் பார்த்தபோது, வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய தொகையாக அது இல்லை. ஆகவே நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

பேரன் உடனே ஸ்டெப்பர் மோட்டார் (படிபடியாகச் சுழலும் மோட்டார்) வைக்கச் சொன்னான். ஒரு சுற்றுக்கு 200 படிகள், 8 மி.மீ. நகரும் திருகுக் கம்பி, ஆக ஒரு படிக்கு 0.04 மி.மீ. என்று ரிச்சி தெருவில் நின்றுகொண்டே கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கு சரிதான். ஆனால் திருகில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிற்க வேண்டும், மின்சாரம் போய் வந்தால் தொடக்கப் புள்ளியைத் தேடிப் போக வேண்டும். கையால் தள்ளினால் எனக்கு மூன்று விநாடி. அவனுக்கு ஏமாற்றம்தான்.

தச்சர்கள் மேசை இழுப்பறைக்குப் போடும் 30 செ.மீ. சேனல் இரண்டை வாங்கி, அவற்றின் மேல் 12 மி.மீ. பிளைவுட்டை ஏற்றினேன். சேனல் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஆனால் பக்கவாட்டில் ஆடியது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தபோது 0.4 மி.மீ. காட்டியது. 'அரை மில்லி' என்று நாம் அழைத்தவர் அங்கே இருந்திருந்தால் அன்றைக்கே அதைக் கழற்றி வீசச் சொல்லியிருப்பார். அந்த ஆட்டத்தை ஒழிக்க, கதவுக்குப் போடும் சின்னப் பித்தளை டவர் போல்ட் இரண்டை மேடையின் முனையில் பொருத்தினேன். ஒவ்வொரு டிப்போத் தண்டவாளத்தின் தலையிலும் அவை நுழையும் பித்தளைக் குழாய்களை வைத்து, தண்டவாள முனைகளைச் செம்பு பூசிய சர்க்யூட் பலகையில் பற்றவைத்தேன். வெறும் ஆணியில் அடித்திருந்தால் ஐப்பசி மழைக்குப் பலகை ஊதியதும் எல்லாம் விலகியிருக்கும். போல்ட்டுகள் உள்ளே போனால் மேடை நேராகும். அதே போல்ட்டுகள் வழியாக மேடையிலிருந்து எதிரே உள்ள தண்டவாளத்துக்கு மின்சாரமும் போகும். ஒரே தாழ்ப்பாளில் இரண்டு வேலை என்று எனக்கு ஏக கர்வம். போல்ட் விழாத தண்டவாளங்கள் ஐந்தும் செத்துக் கிடக்கும், அங்கிருந்து எந்த வண்டியும் குழிக்குள் வர முடியாது.

ஆனால் தெருவிலிருந்து மேடைக்கு வரும் ஒற்றைத் தண்டவாளத்தை மறந்துவிட்டேன். அதற்கு எப்போதும் மின்சாரம் இருந்தது. வியாழக்கிழமை மேடை ஐந்தாம் தண்டவாளத்துக்கு எதிரே நின்றது. நான் அதைப் பார்க்காமல் கன்ட்ரோலரைத் திருப்பினேன். டிராம் நிதானமாக, மெஸ் வாசலைத் தாண்டி, அந்நாளில் ராஷ்பிஹாரி அவென்யூவில் போனது போலவே அழகாக வந்து, ஆறு செ.மீ. ஆழத்தில் இறங்கியது. முன் பெட்டியின் டிராலிக் கம்பம் ஒடிந்தது, முன் போகியில் (சக்கரச் சட்டத்தில்) ஒரு பல்சக்கரம் விரிசல் விட்டுவிட்டது.

"பாதை பூட்டாமல் கைகாட்டி இறங்கக் கூடாது" என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் நீ சொன்னாய். சிக்னல் பிரிவுக்காரனுக்குப் பொம்மை வண்டியைப் பார்த்தாலும் விபத்துதான் ஞாபகம் வரும் என்று நான் கேலி செய்தேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுபது வயதுக்கு மேல், பணிமனையிலிருந்து வந்தவன், மேடை சரியாக நிற்கிறதா என்பதை மட்டும் பார்த்தேனே தவிர, மேடை இல்லாத இடத்தை நோக்கி யார் வருகிறார்கள் என்று பார்க்கவில்லை. அங்கே இருந்த காலத்தில் இதை விட்டிருந்தால் குழிக்குள் ஒரு முழுப்பெட்டி கிடந்திருக்கும்.

மறுநாளே வெட்டு வேலையில் இறங்கினேன். வரும் தண்டவாளத்தின் கடைசி 12 செ.மீ.யைப் பிரித்து, மேடை அதற்கு நேரே வந்து, தெருப் பக்கத்துக்கும் போட்ட போல்ட் விழுந்தால்தான் மின்சாரம் என்று வைத்தேன். பழுது பார்த்த வண்டியை விட்டுப் பார்த்தால் நிற்கவில்லை! முன் பெட்டி செத்த பகுதிக்குள் வந்துவிட்டது, பின் பெட்டியின் சக்கரங்களோ இன்னும் மின்சாரம் எடுத்து மோட்டாருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. கை வைத்துப் பிடித்தேன். முதல் சக்கரத்துக்கும் கடைசிச் சக்கரத்துக்கும் இடையே உள்ள நீளத்தைவிடச் செத்த பகுதி நீளமாக இருக்க வேண்டும், அதற்குமேல் வண்டி சறுக்கி நிற்கவும் இடம் விட வேண்டும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. இப்போது அது 30 செ.மீ.; இருபது முறை சோதித்தேன், ஒருமுறையும் விழவில்லை.

நீ கண்டுபிடித்துத் திட்டுவதற்கு முன் இன்னொன்றையும் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் காலத்துக் கல்கத்தா இரட்டைப் பெட்டி டிராமுக்கு ஓட்டுநர் இடம் ஒரு முனையில்தான், டெர்மினஸில் வளையம் சுற்றித்தான் திரும்பும். டிராவர்சர் வண்டியைத் திருப்பாது. ஆகவே என் டிப்போவுக்குள் முகம் காட்டி நுழையும் டிராம், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வெளியே வருகிறது. மேலே உள்ள கம்பியும் வெறும் அலங்காரம்தான். சென்னை டிராமைச் செய்திருக்கலாமே என்று கேட்பாய். அது 1953-இல் நின்றுபோனது, நான் பிறந்ததே அந்த ஆண்டுதான். நாம் தொங்கிக்கொண்டு போனது கல்கத்தாவில்.

இனி என் வேண்டுகோள். போல்ட்டில் களிம்பு ஏறினால் மின்தொடர்பு கெடும், கெட்டால் வண்டி நிற்கும், அதனால் ஆபத்து இல்லை. ஆனால் போல்ட் விழுந்ததைக் காட்ட ஒரு குட்டிக் கைகாட்டி வைக்க ஆசைப்படுகிறேன். உன் பரண்மேல் இருக்கும் ரிலேக்களில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளில்) சிறியதாக ஒன்றைச் சித்திரையில் கல்யாணத்துக்கு வரும்போது எடுத்து வா. 'அரை மில்லி'யும் அங்கே வருவார், குழி விஷயத்தை அவரிடம் மூச்சு விடாதே.

உன் பழைய அறைத்தோழன்