உழவருக்குப் பொருந்தும் கணக்கு எங்களுக்கும் பொருந்தும்

வரிச் சட்டங்களை வகுப்போருக்கும் வரித்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லை. வேலை வந்தால் வரைகிறேன், முடிந்ததும் இன்வாய்ஸ் அனுப்புகிறேன், பணம் வரும்வரை காத்திருக்கிறேன். வருமான வரியையும் விற்பனை வரியையும் நானே கணக்கிட்டு நானே கட்டுகிறேன். வரிவிலக்குக் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. அயர்லாந்து 1969 முதல் எழுத்தாளர், ஓவியர், இசையமைப்பாளர் போன்றோரின் படைப்பு வருமானத்துக்கு விலக்கு அளித்துவருகிறது. அதை நான் மதிக்கிறேன், ஆனால் கேட்கவில்லை. கட்ட வேண்டியதைக் கட்டுகிறேன். எங்கள் கைக்குப் பணம் வரும் காலத்தையும் நீங்கள் வரி கேட்கும் காலத்தையும் கொஞ்சம் நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். அவ்வளவுதான் என் கோரிக்கை.

ஒரு பெரிய படநூலுக்கு நான் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தேன். முதல் ஆண்டு முழுக்க முன்வரைவுகள், திருத்தங்கள், தூக்கிப்போட்ட பக்கங்கள். வருமானம் என்று சொல்ல எதுவுமே இல்லை. முழுத் தொகையும் நூல் அச்சுக்குப் போன ஆண்டில்தான் வந்தது. அந்த ஒரே ஆண்டில் நான் உயர்ந்த வரி விகிதத்துக்குள் போய்விட்டேன். அதே தொகையை இரண்டு ஆண்டுச் சம்பளமாக வாங்கியவர் என்னைவிடக் குறைவாகவே கட்டியிருப்பார். வரியில்லா வரம்பு அவருக்கு இரண்டு முறை கிடைக்கும். எனக்கோ, சம்பாதிக்காத ஆண்டின் வரம்பு யாருக்கும் பயன்படாமல் போனது. உழைப்பு ஒன்றுதான், தொகை ஒன்றுதான். பணம் வந்த தேதி மட்டுமே வேறு.

இந்தச் சிக்கல் உங்களுக்குப் புதிதல்ல. விளைச்சலை நம்பி வாழ்கிறவரின் வருமானத்தை ஓர் ஆண்டை மட்டும் வைத்து அளக்கக் கூடாது என்பதைப் பல நாடுகளின் சட்டங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனில் உழவர்களையும் படைப்புக் கலைஞர்களையும் சட்டத்தின் ஒரே அத்தியாயத்தில் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். எழுத்தாளரோ ஓவியரோ, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒன்றின் லாபம் மற்றதில் 75 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து வரி கட்டலாம். ஆஸ்திரேலியாவிலும் எழுத்தாளர், கலைஞர், விளையாட்டு வீரர் ஆகியோருக்குச் சராசரி முறை உண்டு. அமெரிக்கா 1986இல் பொதுவான சராசரி முறையை நீக்கியது. பிறகு உழவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்தது, மீனவர்களையும் சேர்த்துக்கொண்டது. கலைஞர்களைச் சேர்க்கவில்லை. வயலில் மழை பொய்ப்பதைப் புரிந்துகொண்ட சட்டத்துக்கு, ஓவியரின் மேசையில் ஓராண்டு வெறுமையாகக் கழிவதைப் புரிந்துகொள்வது அத்தனை கடினமா?

ஆண்டு வருமானம் இறுதியாகும் முன்பே தவணைகளில் கட்டும் முன்கூட்டிய வரியிலும் இதே கோளாறுதான். இந்தியாவில் ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும் என்று கணக்கு. பிரிட்டனில் சென்ற ஆண்டு வரியில் பாதிப் பாதியாக ஜனவரியிலும் ஜூலையிலும் கட்ட வேண்டும். நல்ல அறுவடைக்கு அடுத்த ஆண்டு தரிசாகக் கிடந்தாலும் பழைய அறுவடையை வைத்தே தவணை வந்து நிற்கிறது. குறைத்துக் கட்ட விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் வரப்போகும் வேலையை முன்கூட்டியே ஊகித்துச் சொல்ல வேண்டும். ஊகம் தவறினால் வட்டி. எந்த ஓவியருக்கு அடுத்த பத்து மாதம் தெரியும்?

விற்பனை வரிதான் என்னை அதிகம் வாட்டியது. ஒருமுறை பதிப்பகம் ஒன்றுக்கு வேலையை முடித்து இன்வாய்ஸ் அனுப்பினேன். பணம் வர ஏழு மாதம் ஆனது. கேட்டபோதெல்லாம் "அடுத்த சுற்றில் போட்டுவிடுகிறோம்" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். ஆனால் அந்த இன்வாய்ஸில் நான் குறித்திருந்த வரியை உங்களுக்கு உரிய தேதியில் கட்டியாக வேண்டும். கட்டினேன், சேமிப்பிலிருந்து எடுத்து. விற்பனை வரியின் அடிப்படையே, வாங்குகிறவர் தரும் வரியை விற்கிறவர் வசூலித்து ஒப்படைக்கிறார் என்பதுதான். இங்கே நான் எதை வசூலித்தேன்? ஒரு பெரிய நிறுவனத்தின் வரியை, வட்டியில்லாமல், மாதக்கணக்கில் நான் அல்லவா சுமந்தேன்?

இந்தியாவின் ஜிஎஸ்டி விதியைப் பாருங்கள். சேவைக்கு உரிய காலத்தில் இன்வாய்ஸ் எழுதினால், இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி ஆகிய இரண்டில் எது முந்தியதோ அதுவே வரிக்குரிய தேதி. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்கிறவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். வாங்கிய நிறுவனமோ அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். எனக்குப் பணம் தர அதற்கு 180 நாள் அவகாசம். அதற்குப் பிறகுதான் கழித்ததைத் திருப்பிக் கட்டும் கட்டாயம் வருகிறது. எளியவருக்கு அடுத்த மாதம் 20 வரை, பெரியவருக்கு ஆறு மாதம். இதைத் திருத்த முடியாது என்று சொல்லாதீர்கள். பிரிட்டனில் ஆண்டு விற்பனை 13.5 லட்சம் பவுண்டுக்குள் இருப்பவர்கள், பணம் கைக்கு வந்த பிறகு வாட் வரி கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். சிறு தொழில் செய்கிறவர்களை நம்பி ஓர் அரசு அதைச் செய்திருக்கிறது.

எங்கள் தரப்பிலும் குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். வசூலித்த வரியைச் சொந்த வருமானமாக எண்ணிச் செலவழித்துவிட்டு, கடைசி வாரத்தில் கடன் தேடும் நண்பர்களை அறிவேன். இப்போது இளம் ஓவியர்கள் என்னிடம் கேட்டால், வங்கியில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, பணம் வந்த அன்றே விற்பனை வரியையும், வருமான வரிக்கு ஒரு பங்கையும் அதில் போட்டுவிடச் சொல்கிறேன். பணம் வந்தால் அதைச் செய்வோம். வராத பணத்தில் எதைப் பிரித்து வைப்பது?

இன்னொன்று. தாளில் வரைந்த படத்தை விற்றால் அது சரக்கு. அதே படத்தை அச்சிட உரிமை கொடுத்தால் சேவை அல்லது உரிமம். கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பினால் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் பதில் மாறுகிறது. ஆடிட்டர்களே தயங்கும் இடத்தில் தனியொருவர் எப்படி முடிவெடுப்பார்? எங்கள் தொழிலின் வழக்கமான பத்துப் பரிவர்த்தனைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன வரி என்று நேராகச் சொல்லும் இரண்டு பக்கக் குறிப்பை வெளியிடுங்கள். அபராதக் கடிதங்களில் பாதி குறையும் என்று நம்புகிறேன்.

சிறு வருவாய்க்காரர் பணம் பெற்ற பிறகே விற்பனை வரி கட்டட்டும். படைப்பாளிகளின் வருமானத்துக்குச் சராசரி முறை வரட்டும். தவணை வரி அந்தந்தக் காலத்தின் உண்மை வருமானத்தைப் பின்பற்றட்டும். அடுத்த திருத்த வரைவுக்குக் கருத்துக் கேட்கும்போது, சங்கங்களையும் பெரிய நிறுவனங்களையும் அழைக்கும் மேசைக்கு எங்களில் இரண்டு பேரையும் அழையுங்கள். கடந்த பத்தாண்டுக்கான என் இன்வாய்ஸ்களை, அனுப்பிய தேதியும் பணம் வந்த தேதியும் குறித்து வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்களுக்குத் தவறாமல் வரி கட்டும் ஓர் ஓவியர்