பேய் வேஷம் கட்டும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நீ அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. ராத்திரி பகலாக நடித்துவிட்டு வந்தவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் வேறு யாரையோ வைத்து டப்பிங் முடித்திருக்கிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

எனக்கு பார்பரா ஸ்டீல் ஞாபகம் வந்தது. இங்கிலாந்து நடிகை. 1960-ல் மரியோ பாவா என்ற இத்தாலிக்காரர் 'பிளாக் சண்டே' என்ற திகில் படத்தை எடுத்தபோது ஸ்டீலுக்கு வயது 22. சின்ன பட்ஜெட், கறுப்பு வெள்ளை. ஒளிப்பதிவையும் பாவாவே பார்த்துக்கொண்டார். சூனியக்காரி ஒருத்தி, அவள் வம்சத்தில் பின்னால் பிறந்த இளவரசி ஒருத்தி, இரண்டு வேஷமும் ஸ்டீலுக்கே. உள்பக்கம் ஆணி வைத்த முகமூடியைச் சூனியக்காரியின் முகத்தில் சம்மட்டியால் அறைவார்கள். 200 வருஷம் கழித்து எழும்போது முகமெல்லாம் துளை. ஆனால் நாம் துளையைப் பார்க்க மாட்டோம், அந்தக் கண்களைத்தான் பார்ப்போம். இளவரசிக்கும் அதே கண்தான், அதில் பயம் இருக்கும். மேக்கப்பால் வருகிற வித்தியாசமா அது? பிரிட்டனில் 1968 வரை படத்துக்குத் தடை.

இதில் கொடுமை என்ன தெரியுமா? ஸ்டீலின் தாய்மொழி ஆங்கிலம். அந்தப் படத்தின் ஆங்கிலப் பதிப்பிலேயே அவருக்கு வேறொருத்தி குரல்!

ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. குரல் போனது நஷ்டம்தான், அவருக்கும் உனக்கும். அடுத்த ஒப்பந்தத்தில் டப்பிங் யார் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு. 1963-ல் ஃபெலினி என்ற பெரிய இத்தாலிய இயக்குநரின் '8½' படத்தில் சின்ன வேஷம் கிடைத்தும், திகில் பட நடிகை என்ற முத்திரை ஸ்டீலை விடவில்லை. பிற்பாடு தயாரிப்புப் பக்கம் போனார். 'வார் அண்ட் ரிமெம்பரன்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்காக 1989-ல் எம்மி விருது வாங்கியவர்களில் அவரும் ஒருவர். கணக்கு வழக்கையும் கற்றுக்கொள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று. நீ பேயாக நடிப்பதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லக் கூசி, 'ஏதோ குடும்பப் படம்' என்று மழுப்பினவன் நான். உனக்கு அது தெரியும் என்றும் எனக்குத் தெரியும். போன வாரம் உன் சித்தப்பா கேட்டபோது, பேய்ப் படம், அவள்தான் பேய் என்று சொல்லிவிட்டேன்.

பாவா படத்தை நேற்று ராத்திரி சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். உன் படம் வந்ததும் சொல். அதையும் முதல் தடவை அப்படித்தான் பார்க்கப்போகிறேன்.

அன்புடன்,
அப்பா