வண்ணார்பேட்டை கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடையில் கணினி வாங்கிய ஒருவர், விண்டோஸில் சாதனங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் இருக்கும் இன்டரப்ட் (சாதனம் பிராசஸரை ‘என்னைக் கவனி’ என்று கூப்பிடும் அழைப்பு) பட்டியலைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அது பாளையங்கோட்டை, மேலப்பாளையம் எல்லாம் சுற்றி நம் கடை வாசலுக்கே வந்துவிட்டது. ஒரே எண்ணை இரண்டு சாதனங்களுக்குக் கொடுத்திருக்கிறோமாம். சிலவற்றுக்கு மைனஸ் 2, மைனஸ் 3 என்று போலி எண் போட்டிருக்கிறோமாம். ஆகவே பழைய மதர்போர்டைத் தலையில் கட்டிவிட்டோமாம். விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். பழைய பொருள் என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த எண்களை வைப்பது கடைக்காரர் அல்ல, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளும் விண்டோஸும். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில், இந்த அழைப்புகளை வாங்கிப் பிராசஸருக்குச் சொல்லும், எட்டு கம்பிகள் கொண்ட 8259 சில்லுகள் இரண்டு இருந்தன. கம்பிக்கு ஓர் எண். இரண்டையும் இணைக்க ஒரு கம்பி போக, சாதனங்களுக்கு மிஞ்சியவை 15 மட்டுமே. அக்காலத்து ஐஎஸ்ஏ வகைக் கார்டில், எண்ணைத் தேர்ந்தெடுக்கும் குண்டுமணி அளவு ஜம்பரை இடுக்கியால் பிடுங்கி, சவுண்ட் கார்டுக்கு 5, மோடத்துக்கு 3 என்று நாமே மாற்றி வைப்போம். இரண்டும் ஒரே எண்ணில் உட்கார்ந்தால் தகராறுதான். நண்பரின் அச்சம் அந்தக் காலத்துக்குப் பொருந்தும்.

ஐஎஸ்ஏவுக்குப் பதிலாகப் பிசிஐ என்ற இணைப்பு முறை வந்தபின் கம்பியைப் பகிர்ந்துகொள்வதே முறையாயிற்று. அழைப்பு வந்ததும் அந்தக் கம்பியிலுள்ள சாதனங்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களை விண்டோஸ் வரிசையாகக் கூப்பிடும். தன் சாதனம்தான் அழைத்ததா என்று ஒவ்வொன்றும் பார்க்கும். வேலை முடியும்வரை கம்பி அழைத்த நிலையிலேயே நிற்பதால் எந்த அழைப்பும் விடுபடாது. அதன் பின்வந்த பிசிஐ எக்ஸ்பிரஸில் இன்டரப்டுக்கென்று தனிக் கம்பியே இல்லை. குறித்த முகவரியில் சாதனம் ஓர் எண்ணை எழுத, அதுவே இன்டரப்டாகப் பிராசஸருக்குப் போய்ச் சேரும். இதற்கு எம்எஸ்ஐ என்று பெயர். இதன் அடுத்த வடிவமான எம்எஸ்ஐ-எக்ஸில் ஒரே சாதனம் 2048 இன்டரப்டுகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், என்விஎம்இ என்ற வேகமான டிஸ்க், பிராசஸரின் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியே அழைப்பு அனுப்ப முடிகிறது. கம்பியில்லாத இந்த இன்டரப்டுகளுக்கு விண்டோஸ் தானாக இடும் அடையாளமே அந்த மைனஸ் எண். பழைய ஐஎஸ்ஏ பலகையில் அதைத் தேடினாலும் கிடைக்காது.

ஐயம் உள்ளவர்கள் பில்லோடு வரலாம். மதர்போர்டின் வரிசை எண்ணையும் பெட்டியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுக் காட்டுகிறோம். ஆடி முதல் தேதியிலிருந்து சோதனைக் கட்டணம் 300 ரூபாய். வீட்டுக்கு வந்து பார்த்த தம்பி சென்னைக்குப் போய்விட்டதால் கணினியைக் கடைக்கே கொண்டுவர வேண்டுகிறோம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் புகுந்தபோது, கேட்காமலே வந்து சிபியூக்களை மாடிக்குத் தூக்கிக் கொடுத்தவர்கள் நீங்கள். அந்தப் படத்தைப் பிறருக்கு அனுப்பாமல் நேரில் வந்து கேட்டவர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

இங்ஙனம்,
கடை உரிமையாளர்