பெட்டியின் வயதை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நகர ரயில் பெட்டிகளை எப்போது மாற்றுவது என்று பேச்சு வந்தாலே 30 வருடமா, 40 வருடமா என்றுதான் கேட்கிறோம். பாஸ்டனின் மட்டப்பான் பாதையில் 1940களில் கட்டிய டிராம்கள் இன்னும் ஓடுகின்றன, பராமரிப்பு நன்றாக இருந்தால் ஓடும். ஆனால் மோதினால் அந்தப் பெட்டி தாங்குமா என்பது வேறு கேள்வி.

வாஷிங்டன் மெட்ரோவில் 1976 முதல் ஓடிய, '1000 வரிசை' என்ற மாடல் பெட்டிகளைப் பாருங்கள். 2004-இல் ஒரு ரயில் பின்னோக்கி உருண்டு இன்னொன்றில் மோதியபோது பெட்டியின் ஒரு முனை அப்படியே உள்ளே நொறுங்கியது, நல்லவேளை உயிர்ச்சேதம் இல்லை. 2006-இல் அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் இவற்றைப் பலப்படுத்துங்கள், முடியாவிட்டால் சீக்கிரம் நீக்குங்கள் என்றது. நிர்வாகமோ பணம் இல்லை, வரிச்சலுகைக்காகப் போட்ட குத்தகை ஒப்பந்தப்படி இந்தப் பெட்டிகளை 2014 வரை வைத்திருக்க வேண்டும் என்றது. 2009 ஜூன் 22 அன்று அதே வரிசைப் பெட்டி முன்னால் இருந்த ரயில், நின்றிருந்த ரயிலின் மேல் மோதி ஓட்டுநர் உட்பட 9 பேர் இறந்தார்கள். மோதலுக்குக் காரணம் சிக்னல் கோளாறுதான், சரி, ஆனால் பெட்டி உறுதியாக இருந்திருந்தால் சேதம் இவ்வளவு ஆகியிருக்காது. அப்புறம் மோதினால் முதல் அடி படாதபடி பழைய பெட்டிகளை ரயிலின் நடுவில் கோத்து ஓட்டினார்கள், முழுவதும் நீக்க 2017 ஆகிவிட்டது.

புதிய பெட்டி கேட்டவுடன் கடையில் கிடைப்பதில்லை, ஒப்பந்தம், வடிவமைப்பு, சோதனை என்று வருடங்கள் போகும். அதனால் விசாரணை வாரியம் எச்சரித்த அன்றே அதற்கான பணத்தை ஒதுக்க வேண்டும் என்று சட்டமே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்