வெட்டாத ஒன்பது

அன்புள்ள நிலா,

"வெட்டவே தெரியாத வளையத்தை வைத்துக்கொண்டு நான் என்ன ஆராய்ச்சி செய்வது?" என்று போனில் கேட்டாய். கொடுத்த இரண்டு தலைப்புகளில் எதை எடுப்பது என்ற குழப்பம் புரிகிறது. முடிவு உன்னுடையதுதான். ஆனால் அந்த வளையத்தை நீ இவ்வளவு லேசாக எண்ணியதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

ஈஸ்ட் செல்லில் ஆர்.என்.ஏ.வை அழிக்கவும் செதுக்கவும் செய்யும் புரதக் கூட்டமான ஆர்.என்.ஏ. எக்சோசோமை 1997-இல் மிட்செல், டோலர்வே குழுவினர் விவரித்தபோது, அதிலுள்ள பல புரதங்களும் ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் என்றே கருதினார்கள். அதன் நடுவில் இருக்கும் உன் வளையத்தின் ஆறு புரதங்களும் பாக்டீரியாவின் வெட்டும் நொதியின் சாயலில் இருக்கும்போது வேறு எப்படி நினைப்பார்கள்? ஆர்க்கியா என்ற, பாக்டீரியா போன்ற ஒற்றைச் செல் உயிர்களில் இதே மாதிரி வளையம் இன்றைக்கும் வெட்டுகிறது. பத்து வருடம் கழித்துத்தான், 2007 வாக்கில், ஈஸ்டில் அந்த ஆறும் அவற்றின் மேல் மூடியாக உட்கார்ந்திருக்கும் மூன்றும் வெட்டுவதில்லை, அடியில் ஒட்டியிருக்கும் ஆர்ஆர்பி-44 என்ற புரதம்தான் வெட்டுகிறது என்று தெளிவானது. உட்கருவில் மட்டும் ஆர்ஆர்பி-6 என்ற இன்னொரு வெட்டும் நொதி கூடச் சேர்ந்துகொள்ளும்.

இப்போது இதைப் பார். ஆர்ஆர்பி-44 நுனியிலிருந்து அரித்துக்கொண்டே போகும் இடத்தை மட்டும் மழுக்கிவிட்டால், ஈஸ்ட் தள்ளாடித் தள்ளாடியாவது வளர்கிறது. ஆர்ஆர்பி-6 மரபணுவையே நீக்கினாலும் பிழைக்கிறது. வெட்டாத அந்த ஒன்பதில் எந்த ஒன்றை நீக்கினாலும் செத்துப்போகிறது. பரிணாமம் வெட்டும் திறனைப் பறித்துக்கொண்டு, உடம்பை மட்டும் இவ்வளவு கவனமாகக் காத்து வைத்திருக்கிறது என்றால், அந்த உடம்புக்கு ஒரு வேலை இருக்கத்தானே வேண்டும்?

அந்த வேலையைக் கண்ணால் பார்க்க வைத்தது, மியூனிக் அருகே மார்ட்டின்ஸ்ரீடில் எலெனா கோன்ட்டியின் குழு 2013-இல் வெளியிட்ட படிகக் கட்டமைப்பு. ஊசிக் காதில் நூல் நுழைவதுபோல, ஆர்.என்.ஏ. மூடி வழியே இறங்கி, வளையத்தின் நடுத்துளையைக் கடந்து, ஆர்ஆர்பி-44-இன் வெட்டும் இடத்தில் போய் முடிகிறது. துளை குறுகல், ஒற்றை இழைதான் நுழையும். மடிந்து முடிச்சுப் போட்டிருக்கும் ஆர்.என்.ஏ.வை எம்டிஆர்-4 என்ற ஹெலிகேஸ் முதலில் பிரித்துக் கொடுக்க வேண்டும். துளையை அடைத்துவிட்டால் ஆர்ஆர்பி-44, ஆர்ஆர்பி-6 இரண்டின் வேலையும் கெடுகிறது என்று நியூயார்க்கில் லிமாவின் குழு அதற்கு முந்தைய வருடமே காட்டியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பாதையின் நீளம். மேலிருந்து வெட்டும் இடம் வரை சுமார் 30 நியூக்ளியோடைடு, அதாவது ஆர்.என்.ஏ.வின் 30 எழுத்து. புரதம் செய்யும் ரைபோசோமுக்கு வேண்டிய 5.8எஸ் ஆர்.என்.ஏ., 7எஸ் என்ற நீளமான வால் உள்ள முன்னோடியாகத்தான் முதலில் இருக்கிறது. ஆர்ஆர்பி-44 அந்த வாலை அரித்துக்கொண்டே வந்து, சரியாக 30 மிச்சம் இருக்கும்போது நின்றுவிடும். ஏனென்றால் அந்த 30-உம் துளைக்குள் இருக்கிறது. அதற்கு மேல் இழுத்தால் ரைபோசோமே வாசலில் முட்டும். மீதியை ஆர்ஆர்பி-6 வாங்கிக்கொள்கிறது. ஆர்ஆர்பி-6 இல்லாத ஈஸ்டில் 30 எழுத்து வாலோடு 5.8எஸ் தேங்குவதை 1998-லேயே ஜெல்லில் பார்த்துவிட்டார்கள். அந்த 30-க்கு வடிவமாகக் காரணம் கிடைக்கப் பதினைந்து வருடம் ஆனது! எங்கே அழிக்க வேண்டும், எங்கே செதுக்கி நிறுத்த வேண்டும் என்பதை இங்கே வளையத்தின் அளவே தீர்மானிக்கிறது.

எல்லா ஆர்.என்.ஏ.வும் இந்தத் துளை வழியாகத்தான் போகிறது என்று நான் சொல்லவில்லை. சில நேரடியாகவே ஆர்ஆர்பி-44-ஐ அடைகின்றன. எது எந்த வழியில் போகும், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதிலேயே உனக்கு நிறைய வேலை இருக்கிறது.

இன்னொன்று. மூடியில் இருக்கும் ஆர்ஆர்பி-40-இன் மனித வடிவம் எக்ஸோஸ்-சி-3. அந்த மரபணுவில் ஏற்படும் மாற்றங்களால் சிறுமூளை வளராமல் போகும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது 2012-இல் தெரியவந்தது. வெட்டாத ஒரு புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும். ஈஸ்டில் அதே இடத்தை மாற்றிப் பார்ப்பது அந்தக் குழந்தைகளைப் புரிந்துகொள்ளவும் ஒரு வழிதான்.

அதனால் என்னைக் கேட்டால், வளையத்தையே எடு. முதல் வேலையாக 5.8எஸ் பக்கம் நார்தர்ன் பிளாட் (ஆர்.என்.ஏ.வை நீளவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) போட்டுப் பார். 30 கூடுதலாக ஒரு பட்டை வந்தால் ஆர்ஆர்பி-6 பக்கம் சந்தேகப்படு. 7எஸ் தேங்கியிருந்தால் இழை உள்ளே நுழைவதிலேயே தடங்கல் இருக்கலாம். எது வந்தாலும் படத்தை எனக்கு அனுப்பு, ராத்திரி எத்தனை மணி ஆனாலும் சரி.

அன்புடன்,
அம்மா