பட்டறையைத் திறந்து வைத்தவர்களுக்கும் பூட்டச் சொன்னவர்களுக்கும்

அன்புடையீர்,

வணக்கம். பள்ளி மாணவர்கள் அணியாகச் சேர்ந்து ரோபோ செய்து மோதும் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் எங்கள் அணியின் பருவம் முடிந்தது. பட்டறையைக் கூட்டிப் பெருக்கி ஒப்படைப்பதற்கு முன் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்தப் போட்டியில் 2019 வரை ஒரு கறாரான கெடு இருந்தது. ஜனவரித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை ஆட்டவிதிகள் வெளியாகும். ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து ரோபோவைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, எண்ணிட்ட முத்திரையால் கட்டிவிட வேண்டும். 2020 பருவத்திலிருந்து பையும் இல்லை, முத்திரையும் இல்லை. போட்டிக்குக் கிளம்பும் நாள்வரை ரோபோவில் கைவைக்கலாம்.

எங்களைப் போன்ற சிறிய அணிக்கு அது நல்ல மாற்றம்தான். பழைய முறையில் வசதியுள்ள அணிகள் அச்சு அசலாக இரண்டாவது ரோபோ ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளும். ஒன்று பையில் கிடக்க, மற்றதில் ஓட்டுநர்கள் பழகுவார்கள், நிரலைச் சரிசெய்வார்கள். 30 பவுண்டு வரை புதிதாகச் செய்த பாகங்களைப் போட்டிக்குத் தனியே எடுத்துப்போகவும் விதி இடம் கொடுத்தது. ஒரு ரோபோவுக்கே மோட்டார் தேடி அலைபவர்கள் கட்டிய பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் கெடு போனதோடு ஓய்வும் போய்விட்டது. முத்திரை விழுந்த மறுநாள் அத்தனை பேரும் நிம்மதியாகத் தூங்கிய காலம் உண்டு. இப்போது வேலைக்கு முடிவே கிடையாது. யாராவது பட்டறையில் கூட இருந்தால்தான் அந்தக் கூடுதல் நாட்களால் பயன்.

அப்படி இருந்தவர்களில் முதலாமவர் லேத் பட்டறை ஐயா. முதல் போட்டியில் எங்கள் ரோபோவின் கைமூட்டுத் தண்டு வளைந்து வந்தது. பழைய விதிப்படி அடுத்த போட்டிக்களத்தில் பையைப் பிரித்த பிறகுதான் அதைத் தொட்டிருக்க முடியும். இந்த முறை மறுநாளே அவரிடம் கொண்டுபோனோம். அவரே கடைந்து கொடுத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அவரோ மாணவர்கள் கையில் வெர்னியர் என்னும் நுண்ணளவுக் கருவியைக் கொடுத்து, அளவு மூன்று தடவை ஒத்துவந்த பிறகுதான் மெஷினை ஓட விட்டார். இரண்டாவது தண்டை மாணவர்களே கடைந்தார்கள். ஐயா, அந்தத் தண்டு கடைசி ஆட்டம்வரை தாங்கியது.

பக்கத்து அணி நண்பர்களே, போட்டிக்களம் ஏறத்தாழ 54 அடி நீளம், 27 அடி அகலம். எங்கள் பட்டறைக்குள் அதில் கால்வாசிகூட அடங்காது. உங்கள் பயிற்சிக் களத்தில் எங்களையும் ஓட்ட விட்டீர்கள், அணிகள் கூட்டணி சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் நாங்கள் உங்கள் எதிர்க்கூட்டணியில் நிற்கப்போவது தெரிந்தும். நின்றோம். தோற்றோம். அதற்கும் சேர்த்து நன்றி.

இரவுக் காவலர் அண்ணன் ஒருமுறை விளக்கை அணைத்துப் போட்டால் ‘கிளம்புங்கள்’ என்று பொருள். இரண்டாம் முறை அணைத்தால் அவர் பொறுமை தீர்ந்தது என்று பொருள். பெரும்பாலும் இரண்டாம் முறைக்குத்தான் கிளம்பினோம்.

பெற்றோர்களே, வழிகாட்டிகளின் வீட்டாரே, பருவம் நீண்டதில் அதிகம் இழந்தது உங்கள் வீட்டு மாலைப்பொழுதுகள். கேட்காமலே விட்டுக்கொடுத்தீர்கள்.

கணித ஆசிரியை அம்மாவுக்குத் தனி நன்றி. விதிப்புத்தகம் எடுத்துவிட்ட கெடுவை அவர் வேறு விதமாகத் திருப்பிக் கொண்டுவந்தார்: ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டு, தேர்வு வாரத்தில் அணிப்பக்கமே வரக்கூடாது. முணுமுணுத்தவர்கள் நிறைய. இருந்தும் திங்கட்கிழமை வந்து எழுதிய நிரலில் பிழை குறைந்ததைக் கண்கூடாகப் பார்த்தோம். வழிகாட்டிகள் சலித்துப்போய் விலகினால் அணியே கலைந்துவிடும். வேறு அணிகளில் அப்படி நடந்திருக்கிறது. அந்தப் பூட்டு அடுத்த பருவத்திலும் தொடர வேண்டும் என்பதே என் ஓட்டு.

கடைசியாக ஒன்று. இரவல் வாங்கிய கருவிகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டோம், ஒரு ஆலன் சாவிக் கட்டைத் தவிர. அது யாருடையது என்று ஒருவருக்கும் நினைவில்லை. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.

நன்றியுடன்,
அணியின் வழிகாட்டிகளில் ஒருவர்