ஏழு லைன் வேண்டாம், ஒரு நெக் கொடுங்க: நம்ம ஞாயித்துக்கிழமை ரயில் கோஷ்டிக்கு ஒரு திறந்த மடல்

முலுண்ட் மாமா, மாட்டுங்கா சார், டோம்பிவிலி தம்பிங்க ரெண்டு பேர், சீனரி பாத்துக்கற செம்பூர் அக்கா, அப்புறம் வந்து டீ மட்டும் குடிச்சிட்டு போற எல்லாருக்கும் வணக்கம்.

மாமா வீட்டு பின் ரூம்ல நாம போடப்போற மாடல் ரயில் லேஅவுட்டுக்கு யார்டு பிளான் ரெடின்னு ஒரு படம் வந்துச்சு. ஏழு லைன், ரெண்டு பக்கமும் வாய் திறந்த யார்டு, 12 அடி சுவர் இந்த மூலைலேந்து அந்த மூலை வரைக்கும். படம் அழகாதான் இருக்கு, கோடு போட்ட கைக்கு ஒரு சபாஷ். ஆனா அந்த யார்டுல ஒரு கூட்ஸ் வண்டியைக்கூட ஒழுங்கா பிரிச்சு சேர்க்க முடியாது. இதை நேர்ல சொன்னா பஜ்ஜி தட்டு வர்றதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிடும், அதான் எழுதியே கொடுக்கறேன்.

முதல்ல கணக்கு. நம்மது ஹெச்.ஓ. ஸ்கேல், நிஜத்துல 87ல ஒரு பங்கு. நிஜ பாக்ஸ்என் வேகன், அதான் நிலக்கரி ஏத்தற மேல் திறந்த வேகன், கப்ளரோட (வேகனை வேகனோட கோர்க்கற கொக்கி) சேர்த்து 10.7 மீட்டர் வரும், நம்ம டேபிள்ல அது 12.3 சென்டிமீட்டர். பாயிண்ட், அதான் ஒரு லைன் ரெண்டா பிரியற இடத்துல போடற துண்டு, பீகோ கம்பெனியோட மீடியம் சைஸ்தான்னு முடிவாயிடுச்சு, ஒண்ணு 21.9 சென்டிமீட்டர் நீளம், பிரியற கோணம் 12 டிகிரி, லைனுக்கு லைன் 5 சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி. இந்த கோணத்துல அந்த இடைவெளி வரணும்னா லேடர்ல (பாயிண்டுங்க ஏணி மாதிரி வரிசையா நிக்கற வாய்ப்பக்கம்) ஒவ்வொரு லைனுக்கும் சுவர் நீளத்துல 24 சென்டிமீட்டர் கிட்ட காலி. ஏழு லைனுக்கு ஒரு பக்கம் ஆறு பாயிண்ட், அதுவே 1.4 மீட்டர், ரெண்டு பக்கமும் சேர்ந்தா 2.8, சுவர் மொத்தமே 3.66 மீட்டர்தான். மெயின் லைன்லேந்து தள்ளி இருக்கற கடைசி லைன்ல மிஞ்சறது 80 சொச்சம் சென்டிமீட்டர், ஆறு வேகன் நிக்கும், அதுவும் லேடர்லேந்து வளைஞ்சு நேரா வர்ற இடத்தை நான் இன்னும் கழிக்கவே இல்லை. 12 பாயிண்டுக்கு காசு கொட்டி, சுவர்ல முக்கால்வாசிக்கு வெறும் பாயிண்டை பரப்பி வச்சுட்டு, ஆறு வேகனை நிறுத்தி பாக்கறதுக்கா இவ்வளவு பாடு?

சரி, இடம் கம்மி, மும்பைல எதுக்குத்தான் இடம் இருக்கு, அதையும் விட்டுடலாம். என் பெரிய வருத்தம் வேற. அந்த படத்துல ஷண்டிங் நெக்கே இல்லை.

மாட்டுங்கா சார் ரயில்வேலேந்து ரிட்டயர் ஆனவர், அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, மத்தவங்களுக்காக சொல்றேன். யார்டுங்கறது வேகன் நிறுத்தற இடம் இல்லை, வேகனை வரிசை மாத்தற இடம். வண்டி ரிசெப்ஷன் லைன்ல வந்து நிக்கும், ரயில் எஞ்சின் கழண்டு போகும், ஷண்டர், அதான் யார்டுக்குள்ள வேலை செய்யற குட்டி எஞ்சின், வந்து வேகன்களை பிடிச்சு ஒரு நீளமான தனி லைனுக்கு இழுத்துட்டு போய், அங்கேந்து ஒண்ணு ஒண்ணா, ரெண்டு ரெண்டா, எந்த ஊருக்கோ அந்த லைன்ல தள்ளி விடும், அப்புறம் டிபார்ச்சர் லைன்ல புது வண்டியா கோர்த்து அனுப்புவாங்க. அந்த இழுத்துட்டு போற தனி லைன்தான் நெக். அது இல்லேன்னா ஷண்டர் எங்க இழுக்கும்? மெயின் லைன்லதான். அப்போ தம்பி ஓட்டற டெக்கான் குயின் ஒவ்வொரு சுத்துக்கும் யார்டு வாசல்ல நிக்கணும், இல்ல ஷண்டர் ஒவ்வொரு தடவையும் பாதில வேலையை விட்டுட்டு உள்ள ஓடணும். ரெண்டு பேர் ரெண்டு கண்ட்ரோலரை வச்சுக்கிட்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காரணும். நம்ம சொசைட்டி பார்க்கிங் மாதிரி, உள்ள நிக்கற ஒரு காரை எடுக்க நாலு வீட்டு பெல்லை அடிக்கற கதை.

அதனால என் முதல் கோரிக்கை, லைனை எண்ணாதீங்க, நெக் நீளத்தை அளங்க. நெக் எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகனைத்தான் ஒரே மூச்சுல இழுக்க முடியும், அதனால வேகனை ஊர்வாரியா பிரிச்சு விடற சார்ட்டிங் லைன்கள்ல மிக நீளமானது அளவுக்கு நெக்கும், அதோட எஞ்சின் நீளமும் சேர்த்து வேணும். 12 அடி சுவர்லயே அதை அடைக்கணும்னு இல்லை, மூலைல திருப்பி ஜன்னல் சுவரோட கொண்டு போகலாம், மெயின் லைன் பக்கத்துலயே ஓடட்டும், ஆனா அதோட ஒட்டக்கூடாது. வளைவு மட்டும் தாராளமா விடுங்க, வேகனை பின்னாடி தள்ளும்போதுதான் இறுக்கமான வளைவுலயும் எஸ் மாதிரி நெளியற இடத்துலயும் சக்கரம் இறங்கும், முன்னாடி இழுக்கும்போது ஒண்ணும் தெரியாது.

ரெண்டாவது, நாம எந்த காலத்தை போடறோம்? படத்துல ஒரு மூலைல ஹம்ப்னு, அதான் வேகனை உருட்டி விடற மேடு, எழுதி இருக்கு, யாருக்கோ உத்தரப்பிரதேச மொகல்சராய் யார்டு மேல ஆசை வந்திருக்கு. அது ஆசியாவுலயே பெரிய யார்டுகள்ல ஒண்ணுன்னு பேர் வாங்கினது, 2018ல பேரும் மாறியாச்சு, நிஜ ஹம்ப்ல வேகன் தன் எடைலயே உருண்டு இறங்கி கிங் பாயிண்ட், குயின் பாயிண்ட் தாண்டி தன் லைனுக்கு போகும். நம்ம வேகனுக்கு ஏது எடை? ஒண்ணு பாதிலயே நின்னுடும், இன்னொண்ணு நேரா போய் முட்டி டேபிள்லேந்து கீழ விழும். ஹம்ப் வேண்டவே வேண்டாம்.

அதைவிட முக்கியம், பாக்ஸ்என் ரேக்கும் (ஒரே மாதிரி வேகன் கோர்த்த முழு வண்டி) சார்ட்டிங் யார்டும் ஒரே படத்துல ஒட்டாது. 1980கள்லேந்து ரயில்வே ஒத்தை ஒத்தை வேகனா சரக்கு எடுக்கறதை குறைச்சு, ஒரு இடத்துல ஏத்தி ஒரே இடத்துல இறக்கற முழு ரேக்கா ஓட்ட ஆரம்பிச்சாங்க, பிரிச்சு கோர்க்கற மார்ஷலிங் யார்டுங்க ஒவ்வொண்ணா வேலை இழந்துச்சு. 58 பாக்ஸ்என் சேர்ந்த ஒரு ரேக் 620 மீட்டர், நம்ம ஸ்கேல்ல 7 மீட்டருக்கு மேல, மாமா ஃபிளாட் வாசலை தாண்டி லிஃப்ட் கிட்ட போய் நிக்கும். இன்னைக்கு இருக்கற ரயில்வேதான் வேணும்னா சந்தோஷம், யார்டை தூக்கி கடாசிட்டு குர்லாலேந்து டிராம்பே போற கூட்ஸ் லைனை பாத்து, மாஹுல் ரிஃபைனரிக்கு போற டேங்கர் ரேக், பிரிஞ்சு திரும்ப மெயின் லைன்ல சேர்ற ஒரு லூப், முட்டுச்சந்து மாதிரி ஒரு சைடிங்னு முடிச்சுடலாம், செம்பூர் அக்காவுக்கு பாத்து பழகின காட்சிதான், சீனரியும் சுலபம். ஆனா பிரிச்சு கோர்க்கற விளையாட்டு வேணும்னா 1970களுக்கு போகணும். நாலு சக்கர மூடின வேகன், திறந்த வேகன், டேங்க், கடைசில கார்டு உக்கார்ற பிரேக் வேன்னு ஒரே வண்டில எல்லா ஜாதியும் கலந்து வரும். நாலு சக்கர வேகன் நீளம் கம்மிங்கறதால அதே லைன்ல அதிகமா நிக்கும், நமக்கு அதுவும் லாபம்.

என் ஓட்டு 1970களுக்குத்தான். கூடவே ஒரு ஆசை, யார்டை கர்ஜத் சாயல்ல வைக்கலாம். கர்ஜத்லேந்து லோனாவாலா வரைக்கும் போர் காட் மலைப்பாதை, 37க்கு 1 ஏத்தம், வண்டிக்கு பின்னாடி பேங்கர் எஞ்சின் கோர்த்துதான் ஏத்துவாங்க. பேங்கர் நிக்க ரெண்டு எஞ்சின் நீளத்துக்கு ஒரு குட்டி சைடிங் போட்டா போதும், ஒவ்வொரு வண்டிக்கும் ஒருத்தருக்கு வேலை கிடைக்கும், டீ குடிக்க மட்டும் வர்றவங்க கையிலயும் ஒரு எஞ்சினை கொடுத்துடலாம்.

இப்போ என் பிளான். சுவரோட ஒட்டி மெயின் லைன், அதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் திறந்த ரிசெப்ஷன் டிபார்ச்சர் லைன் ரெண்டு, அதுக்கும் முன்னாடி நம்ம கைக்கு கிட்ட, ஒரு பக்கம் மூடின சார்ட்டிங் லைன் மூணு, பிரேக் வேனுக்கு ஒரு குட்டி லைன், பேங்கருக்கு ஒண்ணு, மூலை திரும்பி போற நெக். பாயிண்ட் பத்துக்குள்ள முடியும். 12 பாக்ஸ்என் நீளத்துல வண்டியை வச்சுக்கிட்டா எஞ்சின், பிரேக் வேன் எல்லாம் சேர்த்து ரெண்டு மீட்டருக்குள்ள அடங்கும், ரிசெப்ஷன் லைன்ல தாராளமா நிக்கும். ரெண்டு லைன் எதுக்குன்னா, ஒண்ணுல வண்டி நிக்கும்போது இன்னொண்ணு வழியா எஞ்சின் சுத்தி பின்பக்கம் வரணும், அந்த ரெண்டாவது லைன்ல வேகனை விட்டு வைக்கறவங்களுக்கு அன்னைக்கு பஜ்ஜி கிடையாது.

சார்ட்டிங் லைன்லயும் அப்படித்தான், முப்பது வேகன் நிக்கற இடம் இருந்தா பதினஞ்சு, பதினெட்டுக்கு மேல வைக்காதீங்க. ரொம்பிப்போன யார்டுல ஒரு வேகனை எடுக்க ஒம்பது வேகனை நகத்தணும், நகத்தி வைக்க இடமும் இருக்காது. எல்லாரும் வாங்கின எல்லா வேகனையும் காட்டணும்னா சுவர்ல கண்ணாடி ஷெல்ஃப் அடிச்சுக்கலாம், நானே துரப்பணம் கொண்டு வர்றேன்.

இன்னும் சில விஷயம், வரிசையா இல்லை, தோணினபடி.

படத்துல ஸ்டேஷன் முன்னாடி, யார்டு பின்னாடி இருக்கு, இதை தயவுசெஞ்சு மாத்துங்க. கப்ளரை பிரிக்க மூங்கில் குச்சியோட கை உள்ள போயிட்டே இருக்கும், வழில அக்கா பண்ணின பிளாட்பாரம், டீக்கடை, விளக்கு கம்பம் எல்லாம் சட்டைல மாட்டிக்கிட்டு வந்துடும். அதே காரணத்துக்காக சார்ட்டிங் லைன் மேல கரண்ட் கம்பி வேண்டாம். அந்தக் கால சென்ட்ரல் ரயில்வே 1500 வோல்ட் டி.சி., இகத்புரிக்கு அந்தப்பக்கம் ஏ.சி. கரண்ட்ங்கறதால அங்க எஞ்சின் மாத்தினாங்க, எனக்கும் அந்த எஞ்சின்கள் மேல கொள்ளை ஆசை, கம்பி மெயின் லைனோட நிக்கட்டும், யார்டுல டீசல் ஷண்டர் ஓடட்டும்.

யார்டு மட்டம் வச்சு பாக்கும்போது துளி சாய்வுகூட இருக்கக்கூடாது, நல்ல சக்கரம் போட்ட வேகன் கழட்டி விட்ட உடனே தானா நடக்கும். பிளைவுட் மழைக்கு தாங்கற வகையா வாங்குங்க, ஜூன்ல உப்பி ஜனவரில சுருங்கினா பாயிண்ட் எல்லாம் கோணிக்கும். பாயிண்டோட ஃப்ராகுக்கு, அதான் ரெண்டு தண்டவாளம் குறுக்கே சேர்ற இடத்துக்கு, கரண்ட் கொடுக்கற வகைதான் வேணும், ஷண்டர் குட்டி எஞ்சின், மெதுவா போகும்போது அந்த செத்த இடத்துலதான் கரெக்டா நிக்கும், அப்புறம் விரலால தள்ளிக்கிட்டே இருக்கணும். வயரிங் டோம்பிவிலி தம்பிங்க பொறுப்பு, லேமிங்டன் ரோடு எந்த கடைல என்ன கிடைக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். மோட்டார் எல்லாம் அப்புறம் பாக்கலாம், முன் வரிசை பாயிண்டை கையாலயே மாத்திக்கலாம்.

நெக் என்னத்துக்குன்னு இன்னும் சந்தேகம் இருக்கறவங்க இங்கிலாந்துல ஆலன் ரைட் போட்ட இங்கிள்நுக் சைடிங்ஸை பாருங்க. மூணே லைன், ரெண்டே பாயிண்ட், ஒண்ணுல 5 வேகன், மத்த ரெண்டுல மூணு மூணு நிக்கும், நெக்ல எஞ்சினும் 3 வேகனும். மொத்தம் 8 வேகன், சீட்டு குலுக்கி வர்ற வரிசைல 5 வேகனை கோர்க்கணும், அவ்வளவுதான் விளையாட்டு. 6720 விதமா வண்டி வரும். ஒரு பலகை, ரெண்டு பாயிண்ட், ஆயுசுக்கும் போரடிக்காது. அதுல எல்லாம் நடக்கறதுக்கு காரணம் அங்க காலியா விட்டிருக்கற இடம்தான், நம்ம ஏழு லைன் படத்துல இல்லாததும் அதேதான்.

எனவே கோஷ்டிக்கு என் வேண்டுகோள். யாரும் இப்போ பாயிண்ட் ஆர்டர் பண்ண வேண்டாம். பீகோகாரங்களே பாயிண்ட் படத்தை நிஜ அளவுல பிரிண்ட் எடுத்துக்க இலவசமா தர்றாங்க, நான் ரெண்டு பிளானுக்கும் வேண்டிய அளவு ஜெராக்ஸ் போட்டு கொண்டு வர்றேன். வீட்ல கிடக்கற பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எல்லாம் எடுத்துட்டு வாங்க, 12.3 சென்டிமீட்டர் நீளத்துல வேகனா வெட்டிக்கலாம். மாமா ரூம் தரைல காகிதத்தை பரப்பி, மாட்டுங்கா சார் யார்டு மாஸ்டரா நின்னு ஒரு வண்டிக்கு சீட்டு எழுதி கொடுக்கட்டும், முதல்ல ஏழு லைன் பிளான்ல அந்த வண்டியை பிரிச்சு கோருங்க, அப்புறம் என்னுதுல. மெயின் லைனை எத்தனை தடவை மறிச்சோம்னு அக்கா எண்ணட்டும், அவங்கதான் இதுல ரெண்டு பக்கமும் சேராதவங்க. ஏழு லைன் ஜெயிச்சா நான் வாயை மூடிக்கிட்டு பாயிண்டுக்கு என் பங்கு பணத்தை கொடுத்துடறேன்.

இப்படிக்கு,
கோஷ்டில ஒருத்தன், காட்கோபர்